காரணம் தெரிந்த பிறகும் புரியாத மரணம்: தோழியின் மகனை இழந்த ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அல்லர். அந்தத் தாயின் தோழி. துக்க ஆலோசனைக்கு வருபவர்களிடம் மீண்டும் மீண்டும் காணப்படும் கூறுகளைச் சேர்த்து இந்நிகழ்வு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதால், இதில் எந்தத் தனி மனிதரையும் அடையாளம் காண இயலாது. புத்திர சோகத்தின் அருகில் நின்றுகொண்டு, "எனக்கு அழுவதற்கு என்ன உரிமை இருக்கிறது?" என்று தன்னையே கேட்டுக்கொள்பவர்களின் நிலை கவனத்துக்கு வருவதில்லை, அந்தக் கவனக்குறைவின் விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள் பெற்றோரே என்பது என் கருத்து.

நிகழ்வு

வந்தவர் நாற்பத்தொரு வயதுப் பெண். பள்ளிப் பருவம் முதல் பிரியாதிருந்த தோழியின் மூத்த மகன், 14 வயதுச் சிறுவன், ஓட்டப் பயிற்சியின் நடுவே சுருண்டு விழுந்தான். மருத்துவமனையில் நெடுநேரம் முயன்றும் இதயத் துடிப்பை மீட்க முடியவில்லை. முந்தைய வாரம் அவனுக்கு இரண்டு நாள் காய்ச்சலும் உடல்வலியும் இருந்தன. காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, தம்பியோடு வழக்கம்போலச் சண்டை போடவும் தொடங்கியிருந்ததால், குணமாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அப்படி நினைப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது.

செய்தி கேட்டவுடன் மருத்துவமனைக்கு ஓடியவர் இவர்தான். அன்றிரவு முழுவதும் தோழியின் அருகில் இருந்தார், உறவினர்களுக்குச் சொன்னார், கையெழுத்திட வேண்டிய தாள்களைப் படித்துக் காட்டினார், இளைய மகனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். முதல் சில வாரங்களில் அவர் ஒருமுறைகூட உடைந்து அழவில்லை. "அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் நிதானமா இருக்கணும்ல" என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

ஆறாவது வாரத்தில் உடற்கூறாய்வின் முழு அறிக்கை வந்தது. இதயத் தசையில் அழற்சி, மருத்துவர்கள் மயோகார்டைட்டிஸ் என்று அழைக்கும் நோய், இருந்தது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. காரணம் தெரிந்துவிட்டதால் மனம் சற்று அடங்கும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். ஆனால் அவர் நிலைகுலைந்தது அறிக்கை வந்த பின்னர்தான். இரவில் எழுந்து சென்று, உறங்கும் தன் மகளின் மூச்சைக் கவனிக்கலானார். 13 வயதான அந்தப் பெண்ணின் நீச்சல் பயிற்சியை நிறுத்தினார். இதய நோய்களைப் பற்றி விடியும்வரை கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தார். தோழியைத் தொலைபேசியில் அழைப்பது குறைந்து, பின்னர் நின்றேபோனது. மரணம் நிகழ்ந்து மூன்று மாதங்களான நிலையில் என்னிடம் வந்தவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "அவன் போயிட்டான்னு தெரியுது, எப்படிப் போனான்னும் தெரியுது, ஆனா எனக்கு ஒண்ணுமே புரியல."

மருத்துவக் காரணம் எதுவரை துணை வந்தது

தொடக்கச் சந்திப்புகளின் பெரும்பகுதி நோயைப் பற்றியே கழிந்தது. அதை நான் தடுக்கவில்லை. திடீர் மரணத்தில் இறுதி நாட்களும் இல்லை, விடைபெறுதலும் இல்லை; நோய்ப் படுக்கையின் அருகில் அமர்ந்து சிறிது சிறிதாக நம்பத் தொடங்கும் வாய்ப்பும் கிடைப்பதில்லை. உடலுக்குள் என்ன நடந்தது என்று படிப்படியாக அறிந்துகொள்வது, கிடைக்காமல் போன அந்த நாட்களை மனம் பின்னோக்கிச் சென்று வாழ்ந்துபார்க்கும் முயற்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

இதயத் தசை அழற்சிக்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். சளியையும் வயிற்றுப்போக்கையும் தரும் சாதாரண வைரஸ்களும் அவற்றில் அடங்கும். அந்தத் தொற்று எண்ணற்ற குழந்தைகளுக்கு வந்து ஒரு தடயமும் இன்றி நீங்கிவிடுகிறது. மிகச் சிலருக்கு மட்டும் இதயத் தசையில் அழற்சி உண்டாகிறது. அவர்களிலும் பலர் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ தோன்றி எச்சரிக்கிறது. வேறு சிலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. அழற்சியுற்ற தசை இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்தால், கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கத் தொடங்கும். இரத்த ஓட்டம் நின்று, சில நொடிகளில் நினைவு தப்பும். கடும் உடற்பயிற்சி இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. நோய் கண்டறியப்பட்டவர்களைச் சில காலம் விளையாட்டிலிருந்து விலகியிருக்கச் சொல்வதும் அதனால்தான். ஆனால் அந்த அறிவுரை நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தும். காய்ச்சல் விட்டு, பசியெடுத்து, ஓடியாடும் ஒரு சிறுவனின் இதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்கும் தோன்ற வழியில்லை. அவனைப் பார்க்கும் மருத்துவருக்கும் பெரும்பாலும் தோன்றாது.

இவ்வளவையும் அவர் அறிந்துகொண்டார். என்னைவிடத் துல்லியமாகவே சொல்லக்கூடியவராக ஆனார். எனினும் அவரது நெஞ்சில் இருந்த கேள்வி அசையவில்லை. 'எப்படி' என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை அவர் 'ஏன்' என்ற கேள்விக்குக் கொடுத்துப் பார்த்தார். அது ஏற்க மறுத்தது. அறிக்கை வரும்வரை 'ஏன்' என்பதற்கான பதிலும் அதனுள் இருக்கும் என்ற நம்பிக்கை அவரைத் தாங்கியிருந்தது என்றும், அது வந்து சேர்ந்தபோது அந்தத் தாங்குதல் அகன்றது என்றும் நான் கருதுகிறேன்.

நம்பியிருந்த உலகம்

இழப்புத் துயரை ஆராய்ந்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் காலின் மர்ரே பார்க்ஸ், ஒவ்வொரு மனிதரும் உலகைப் பற்றிய சில அடிப்படை எண்ணங்களைக் கேள்வி கேட்காமல் சுமந்தபடியே வாழ்கிறார் என்றும், பேரிழப்பு அந்த எண்ணங்களின் கட்டமைப்பையே தகர்க்கிறது என்றும் 1970களின் தொடக்கத்தில் விளக்கினார். பிள்ளைகள் பெற்றோருக்குப் பின்னும் இருப்பார்கள், நேற்றுவரை நலமாக இருந்தவர் இன்றும் இருப்பார், கவனமாக வளர்த்தால் தீங்கு நேராது என்பவை அத்தகைய எண்ணங்கள். யாரும் இவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு இவை உறுதியாக இருக்கின்றன.

இவை வெறும் கற்பனை அல்ல என்பதுதான் கடினமான செய்தி. மனித வாழ்நாளில் இறப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவாக இருக்கும் பருவம், ஏறத்தாழ பத்து வயதையொட்டிய ஆண்டுகளே. உலக அளவில் ஐந்து வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1990இல் ஆயிரம் பிறப்புகளுக்கு 93ஆக இருந்து, 2022இல் 37ஆகக் குறைந்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன்புவரை பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்தார்கள். அக்காலத் தாய்மார்களின் துயரம் குறைவாக இருந்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் அதே இழப்பைக் கண்ட வேறொரு தாய் இருந்தாள். இன்று அரிதாகிவிட்ட ஒன்று மனத்தளவில் நடக்கவே முடியாததாகிவிடுகிறது. நடந்துவிட்டால், அதனோடு எப்படி வாழ்வது என்று அறிந்தவர்களை அருகில் காண்பதும் அரிதாகிறது.

என் முன் அமர்ந்திருந்தவருக்குத் தகர்ந்தது தோழியின் உலகம் மட்டும் அன்று, அவருடைய உலகமும்தான். மகளின் மூச்சை இரவில் எண்ணிக்கொண்டிருந்தது அதன் வெளிப்பாடு. அவர் தன் துயரத்தை எந்தப் படிநிலையில் இருப்பதாகக் கொள்வது என்றும் ஒருமுறை கேட்டார். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் முன்வைத்த, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து படிநிலைகள், மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி வகுக்கப்பட்டவை. இழந்தவர்கள் ஏற வேண்டிய படிக்கட்டாக அவற்றைக் கொள்வது பொருந்தாது என்று மட்டும் சொன்னேன்.

சொல்லத் துணியாத எண்ணம்

தோழியை ஏன் அழைப்பதில்லை என்ற கேள்விக்கு அவர் வெவ்வேறு பதில்கள் சொன்னார். தொந்தரவு செய்ய விருப்பமில்லை என்றார். என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றார். தன் மகளைப் பற்றிய பேச்சு தவறி வந்துவிடுமோ என்று அஞ்சுவதாகச் சொன்னார். இவை எல்லாமே உண்மைதான். ஆனால் இவற்றின் அடியில் வேறொன்று இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு நெடுநாள் ஆயிற்று, சொன்னபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "காய்ச்சல் வந்த பிள்ளைய ஓட அனுப்பியிருக்கக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் சொல்லிக்கிட்டே இருக்கு. அவளைப் பத்தி நானே இப்படி நினைக்கிறேன்னா, நான் என்ன மனுஷி?"

இந்த எண்ணத்தைக் கொடுமையின் அடையாளமாக நான் பார்க்கவில்லை. உலகம் நியாயமானது, அவரவர்க்கு உரியதே அவரவர்க்கு நேர்கிறது என்று நம்ப விரும்பும் மனப்போக்கைச் சமூக உளவியலாளர் மெல்வின் லெர்னர் ஆராய்ந்தார். 1966இல் அவரும் கேரலின் சிம்மன்ஸும் வெளியிட்ட சோதனையில், ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி பெறுவதுபோல் நடிப்பதை மாணவியர் பார்க்க வைக்கப்பட்டனர். அது நடிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் படும் துன்பம் தொடரப்போகிறது என்றும் தங்களால் தடுக்க முடியாது என்றும் அறிந்தபோது, பார்த்தவர்கள் அவளையே மதிப்புக் குறைவாகக் கருதத் தலைப்பட்டார்கள். அவளை அந்தத் துன்பத்திலிருந்து விடுவிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டவர்களிடம் அவ்வாறு இழித்துக் கருதுவது குறைவாக இருந்தது.

இந்நிகழ்வின் திறவுகோலாக எனக்கு அமைந்தது இந்தச் சோதனையின் பிற்பகுதி. கையாலாகாமல் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தவரின் மனம், பாதிக்கப்பட்டவரிடம் ஒரு பிழையைத் தேடுகிறது. தோழி ஏதோ தவறு செய்ததால்தான் இது நடந்தது என்றால், அந்தத் தவற்றைச் செய்யாத தன் வீட்டில் இது நடக்காது என்று ஆகிவிடும். தன் மகள் பாதுகாப்பாக இருப்பாள். அவரது மனம் தோழியின் மீது குற்றம் சுமத்தியது வெறுப்பினால் அன்று. மகளைக் காப்பாற்றும் பதைப்பினால்தான். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவருக்கு ஆறுதல் உண்டாகவில்லை. "அப்ப அவ தப்பு செய்யலன்னா என் பொண்ணுக்கும் நடக்கலாம்" என்றார். ஆம், எவருக்கும் நடக்கலாம். மிக அரிதாக, ஆனால் எவருக்கும். அந்த உண்மையைக் கையில் ஏந்தி அமர்ந்திருக்கப் பழகுவதே அதன் பின்னான சந்திப்புகளின் வேலையாக இருந்தது.

காய்ச்சல் விட்ட பிள்ளையை அனுப்பிய காலையை, அன்று அந்தத் தாய்க்குத் தெரிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் மணிக்கு மணியாக மீண்டும் கடந்துபார்த்தார். பின்னர் வந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், அந்தக் காலையில் தவறு என்று சுட்ட ஒன்றும் இல்லை. தன் மகளுக்கு முன்னர் வந்துபோன காய்ச்சல்களை எண்ணிப் பார்த்தார். அவளையும் அவ்வாறே அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்தது.

தோழியிடம் திரும்பிச் செல்லுதல்

துயர ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல், சமூகம் அங்கீகரிக்காத துயரம் என்ற கருத்தை வரையறுத்தார். இறந்தவரோடு உள்ள உறவு ஏற்கப்பட்ட உறவாக இல்லாதபோது, துயரப்படும் உரிமையே மறுக்கப்படுகிறது. தோழியின் மகனுக்காக அழுபவர் இத்தகைய நிலையில் இருக்கிறார். விடுப்பு கேட்க முடியாது. ஏன் இன்னும் வாடியிருக்கிறாய் என்று கேட்பவரிடம் விளக்கவும் முடியாது. அந்தச் சிறுவன் பிறந்த நாளில் அவனை ஏந்தியவர், சித்தி என்று அழைக்கப்பட்டவர், இரத்த உறவு இல்லை என்பதால் தன் அழுகையைத் தானே கடன் வாங்கியதாகக் கருதினார்.

உளவியலாளர் சூசன் சில்க், பாரி கோல்டுமன் ஆகியோர் 2013இல் எழுதிய ஒரு கட்டுரை, துயரத்தை ஒரே மையம் கொண்ட வட்டங்களாகக் காட்டியது. மையத்தில் பாதிக்கப்பட்டவர், அடுத்தடுத்த வட்டங்களில் நெருங்கியவர்கள். ஆறுதலை உள்நோக்கித் தர வேண்டும், புலம்பலை வெளிநோக்கிக் கொட்ட வேண்டும். நான் இதை மதிக்கிறேன். இறந்த குழந்தையின் தாயிடம் சென்று, இதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்று புலம்பி, அவளே தேற்றும்படி செய்வது பெருஞ்சுமை. ஆனால் இந்த விதியை இறுகப் பிடித்துக்கொண்டவர்கள், கண்ணீர் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வீட்டுப் பக்கமே போவதில்லை. இவருக்கும் அதுவே நேர்ந்தது. தோழியோடு சேர்ந்து அழுவது வேறு, அவள்மீது தன் அழுகையைச் சாய்ப்பது வேறு என்று பேசினோம். 'ஏன்' என்ற கேள்வியையும், குற்றம் சொல்லும் குரலையும் என்னிடமும் தன் கணவரிடமும் கொட்டலாம். தோழியிடம் போகும்போது சிறுவனின் மீது இருந்த அன்பை மட்டும் கொண்டு போகலாம்.

போவதற்கு ஒரு வேலையும் இருந்தது. பரம்பரையாக வரும் சில இதயத் தசை நோய்கள், திசுவைச் சோதிக்கும்போது அழற்சியைப் போலவே தோன்றக்கூடும். ஆகவே உடன்பிறந்தவர்களுக்கு ஈசிஜி, எக்கோ முதலிய சோதனைகளைச் செய்ய மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு. இளைய மகனுக்கு அப்படிச் சொல்லப்பட்டிருந்தது. தாயால் அந்த மருத்துவமனைக் கட்டடத்துக்குள் மீண்டும் காலெடுத்து வைக்க முடியவில்லை. ஏதாவது உதவி வேண்டுமானால் கூப்பிடு என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, வரும் செவ்வாய்க்கிழமை நான் அவனை அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார் இவர். அதுதான் திரும்பிச் சென்றதன் தொடக்கம். இளைய மகனின் சோதனைகளில் குறை எதுவும் காணப்படவில்லை.

சில வாரங்கள் கழித்து, சமையலறையில் இருவர் மட்டும் இருக்கையில், தோழி தானாகவே கேட்டார்: "அன்னைக்கு நான் அவன அனுப்பாம இருந்திருந்தா?" தன் நெஞ்சில் மறைத்து வைத்திருந்த அதே கேள்வி தோழியின் வாயிலிருந்து வந்தபோது இவருக்குக் கை நடுங்கியதாகச் சொன்னார். உன் தப்பு இல்லை என்று உடனே சொல்லி வாயடைக்கவில்லை. அன்றைய காலையை முழுவதும் சொல்ல விட்டார்; எத்தனை முறை திரும்பச் சொன்னாலும் கேட்டார். பின்னர் தன் பதிலைச் சொன்னார்: "நானா இருந்தாலும் அனுப்பியிருப்பேன். என் பொண்ண அப்படித்தான் அனுப்பியிருக்கேன்." சமாதானத்துக்காகச் சொன்ன சொல்லாக அது இல்லை. பல வாரங்கள் தனக்குள் விசாரித்து வந்தடைந்த முடிவு என்பதால், அதைத் தாயால் ஏற்க முடிந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சொன்னவற்றை, கடவுள் நல்லவர்களைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார், இன்னொரு பிள்ளை இருக்கிறானே, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்பவற்றை, அவரால் ஏற்க முடியவில்லை. அச்சொற்களில் தீய நோக்கம் இல்லை. ஆனால் அவை கேள்வியை மூடுகின்றன, கேட்டவளைத் தனியே விடுகின்றன.

அந்தத் தாயின் நலனையும் இவரது கண்வழியாக நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையை இழந்த பெற்றோரைப் பற்றி டென்மார்க்கில் நடந்து 2003இல் வெளியான பெரிய ஆய்வு, தாய்மார்களின் இறப்பு விகிதம் கூடுவதையும், விபத்து, தற்கொலை முதலிய இயற்கையல்லாத காரணங்களால் நேரும் இறப்பு முதல் மூன்று ஆண்டுகளில் குறிப்பாக மிகுவதையும் காட்டியது. அருகில் இருக்கும் தோழி உறக்கத்தையும் உணவையும் பேச்சையும் கவனித்து, தேவைப்படும்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இதனால் முக்கியமாகிறது. விலகிச் செல்லும் தோழி தன் துயரத்தை மட்டும் தனிமைப்படுத்திக்கொள்வதில்லை. ஒரு காவலையும் எடுத்துச் சென்றுவிடுகிறார்.

இப்போதைய நிலை

என்னிடம் வந்தவருக்கு எந்த மனநல நோய்ப் பெயரையும் நான் இடவில்லை. நீடித்த துயரக் கோளாறு என்ற வகை 2022இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் வயது வந்தவர்களுக்கு இழப்பு நேர்ந்து 12 மாதங்களாவது கழிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை, உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது ஆறு மாதம். அவர் வந்தது மூன்றாம் மாதத்தில். அவரிடம் இருந்தது பெருந்துயரமும் பேரச்சமும்.

மகள் நீச்சலுக்குத் திரும்பிவிட்டாள். இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவளும் அந்தச் சிறுவனோடு வளர்ந்தவள், அவளுடைய இழப்பைப் பற்றி ஐந்து மாதங்கள்வரை யாரும் அவளிடம் கேட்கவே இல்லை. அம்மாவின் பயத்தைத் தூண்டிவிடக் கூடாது என்று அவள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். தாயும் மகளும் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு இரவில் மூச்சைப் பார்க்கச் செல்வது வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

ஏறத்தாழ ஓராண்டு கடந்த நிலையிலும் அந்த மரணம் தனக்குப் புரிந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அவன் பெயரைச் சொல்லித் தோழியோடு பேச முடிகிறது. இருவரும் சிரிக்கும் வேளைகளும் உண்டு. அவனுடைய வகுப்புத் தோழர்கள் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் நாள் நெருங்குகிறது. அன்று தோழியின் அருகில் இருப்பதா, தனியே விடுவதா என்று என்னிடம் கேட்டார். அதைத் தோழியிடமே நேராகக் கேட்கும்படி சொன்னேன். கேட்டதாகவும், வந்து உடன் இருக்கும்படி தோழி சொன்னதாகவும் தெரிவித்தார். அடுத்த சந்திப்பு அந்தத் தேர்வு வாரத்துக்குப் பின்னர் என்று முடிவு செய்திருக்கிறோம்.